காட்டோரப் பணித்தளத்தைத் தணிக்கை செய்வது எப்படி?

சிங்கப்பூரில் மரத்தொழிலுக்கென்று வளர்க்கப்படும் காடுகள் இல்லை. ஆனாலும் குழாய் பதிக்கவும் கட்டடம் எழுப்பவும் காட்டை ஒட்டி மரங்களை வெட்டித் தற்காலிக மண்பாதை போடும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அத்தகைய தளத்தில் விதிமுறைகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கப் போகிறவர்கள், முடிந்தவரை நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போக வேண்டும். காய்ந்த பாதை எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

புறப்படுமுன் மரம் வெட்டும் அனுமதியையும், தகுதிபெற்ற மண்ணரிப்புக் கட்டுப்பாட்டு நிபுணர் தயாரித்த திட்டத்தையும் வாங்கிப் படியுங்கள். பூங்காக்கள், மரங்கள் சட்டப்படி, மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ காலி நிலத்திலோ 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஆகவே வெட்ட அனுமதி பெற்ற மரங்களின் எண்களை வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்துக்கொண்டு, தளத்திலுள்ள ஒவ்வோர் அடிக்கட்டையையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் வராத அடிக்கட்டை கண்ணில் பட்டால் உடனே நாடா சுற்றி அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அது தோண்டி எடுக்கப்பட்டிருக்கலாம். நிற்கும் மரங்களையும் விட்டுவிடக் கூடாது. மரத்தைச் சுற்றிப் போட்ட பாதுகாப்பு வேலிக்குள் மண் குவித்தால் வேர்கள் மூச்சடைத்துச் சாகும், ஆனால் மரமோ பல மாதங்கள் பச்சையாகவே நிற்கும். அது பட்டுப்போகும் நாளில் கேட்பதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

அடுத்தது பாதை. மேட்டின் உச்சியில் தொடங்கி, நீர் ஓடிய தடத்தைப் பின்பற்றியே கீழே நடந்து வாருங்கள். நடுப்பகுதி சற்று உயர்ந்து இருபுறமும் சரிந்திருந்தால் நீர் ஓரக் கால்வாய்க்குப் போய்விடும். லாரிச் சக்கரங்கள் பள்ளம் பறித்திருந்தால் பாதையே கால்வாயாகிவிடும். பாதைக்கு அடியில் நீரைக் கடத்தும் கல்வர்ட் குழாயின் வாயில் கிளைகளும் சேறும் அடைத்திருக்கின்றனவா, நீர் வெளியேறும் இடத்தில் மண் அரிக்காமல் கற்கள் பரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். சேற்றைத் தடுக்கத் துணியால் கட்டும் வண்டல் தடுப்பு வேலியை நின்றபடி பார்த்தால் போதாது. விறைப்பாக, அழகாக நின்ற ஒரு வேலியின் அடியில் குனிந்து கைவிட்டபோது என் விரல்கள் தடையின்றி மறுபுறம் போய்விட்டன. துணியின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்கவே இல்லை. மழைநீர் முழுவதும் அதன் அடியில்தான் போயிருக்கிறது.

தளத்திலிருந்து பொது வடிகாலுக்குள் விடும் நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கையடக்கக் கலங்கல் மானி ஓர் எச்சரிக்கையைத் தருமே தவிர, ஆய்வுக்கூட முடிவுக்கு ஈடாகாது. வடிகாலில் சேரும் இடத்திலேயே மாதிரி எடுத்து, நேரத்தையும் மழை நிலவரத்தையும் புட்டியின் மேல் எழுதுங்கள்.

அலுவலகக் கொள்கலனில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதற்கு முன், ஊழியர்களிடம் பேசுங்கள். அவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். "அண்ணே, பெருமழை வந்தா தண்ணி எந்தப் பக்கம் பாயுது?" என்று எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரிடம் கேட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாத தாழ்வான மூலையைக் கைகாட்டிவிடுவார். சொன்னவர் யார் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

அறிக்கையில் "பராமரிப்பு திருப்தியில்லை" என்று எழுதுவதால் பயன் இல்லை. எந்த நிபந்தனை, எந்த இடம், எத்தனை மீட்டர் நீளம், எந்த நாள், யார் எப்போதைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினால்தான் வேலை நடக்கும். சரிசெய்துவிட்டதாக வரும் படத்தை மட்டும் நம்பிக் கோப்பை மூடாமல், அடுத்த பெருமழைக்குப் பிறகு அதே இடத்துக்குப் போய், அதே வேலியின் அடியில் மறுபடியும் கைவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.