கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே தீவுப் பயணம்: மணிக்கணக்குதான் முக்கியம்

கொரோனாக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்த காலத்துக்கான குறிப்புகள் இவை. ஹோட்டல் பார்ப்பதற்கு முன் மூன்று இடங்களின் விதிகளைப் படித்துவிடுங்கள்: போகும் தீவு, வழியில் விமானம் மாறும் நாடு, திரும்பி வரும் நாடு. நடுவில் இருப்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அந்த நாட்டு விதி பொருந்தாவிட்டால் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள்.

ஆர்டி-பிசிஆர் (கொரோனாத் தொற்றைக் கண்டறியும் சோதனை) 72 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்றால் எதிலிருந்து எது வரை? பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரம்தான் கணக்கில் வந்தது, முடிவு வந்த நேரம் அல்ல. சில நாடுகள் புறப்படும் நேரம் வரை எண்ணின, சில இறங்கும் நேரம் வரை. 2020 ஜூலை 15 அன்று மீண்டும் திறந்த மாலத்தீவு, பின்னர் புறப்பாட்டுக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனையைக் கேட்டது. விமானம் தாமதமானால் கெடு தாண்டிவிடும்; அரை நாளாவது கையிருப்பு வையுங்கள். சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியல் உட்பட.

மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மாலையில் இறங்கினால் தலைநகரில் ஓரிரவுச் செலவு கூடும். காலையில் இறங்கும் விமானமே மேல்.

திரும்பும் சோதனையை முன்பதிவின்போதே பேசி முடியுங்கள். சின்னத் தீவில் ஆய்வகம் இருக்காது. மாதிரி படகில் போய் முடிவு வர வேண்டும். தொற்று உறுதியானால் தனிமைப்படுத்தும் நாட்களின் அறை வாடகை யார் தலையில்? காப்பீட்டில் அது எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வழக்கமான மருந்துகள் கூடுதலாக இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும்.