எஃப்ஜிஎல்: ஹாஸ்கெல்லில் கிராஃப் எழுதத் தொடங்குவோருக்கு

எஃப்ஜிஎல் என்பது ஹாஸ்கெல் மொழியில் கிராஃப்களை, அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும், கையாளும் லைப்ரரி. ஜிஎச்சியும் (ஹாஸ்கெல் கம்பைலர்) கபாலும் (பேக்கேஜ்களைச் சேர்த்து பில்ட் செய்யும் கருவி) ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கபால் கோப்பில் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் எஃப்ஜிஎல் சேருங்கள். கிராஃப் வகைக்கு பட்ரீஷியா ட்ரீ மொடியூலில் உள்ளதையே எடுங்கள். இன்ட்மேப்பின் (முழு எண்ணைச் சாவியாகக் கொண்ட மேப்) மேல் நிற்பதால் வேகம் நல்லது, வேறெதையும் தேட வேண்டாம்.

கொழும்பையே மாதிரியாக எடுப்போம். நோட்கள், அதாவது புள்ளிகள் (எண், பெயர்):

(1, "கோட்டை"), (2, "கொள்ளுப்பிட்டி"), (3, "பம்பலப்பிட்டி"), (4, "வெள்ளவத்தை"), (5, "பொரளை")

எட்ஜ்கள், அதாவது இணைப்புகள் (எங்கிருந்து, எங்கே, லேபல்). லேபல் இங்கே நிமிடக் கணக்கு (எண்கள் வெறும் மாதிரி):

(1, 2, 6), (2, 3, 5), (3, 4, 7), (1, 5, 15), (5, 3, 12)

இரண்டு பட்டியலையும் எம்கேகிராஃப் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் கிராஃப் தயார். பட்டியலில் இல்லாத நோட்டுக்கு எட்ஜ் போட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மேட்ச். எஃப்ஜிஎல்லின் உயிரே இதுதான். மார்ட்டின் எர்விக் 2001இல் ஆய்வுக்கட்டுரையாக எழுதிய இண்டக்டிவ் கிராஃப் என்ற எண்ணம் முழுக்க இந்த ஒரு ஃபங்ஷனில் இருக்கிறது. ஒரு நோட்டைக் கேட்டால் இரண்டு கிடைக்கும்: அந்த நோட்டின் கான்டெக்ஸ்ட் (நோட்டும், அதற்குள் வரும், அதிலிருந்து போகும் எட்ஜ்களும்), அந்த நோட்டும் அதன் எட்ஜ்களும் நீங்கிய மீதிக் கிராஃப். ரிகர்ஷனுக்கு (ஃபங்ஷன் தன்னையே மீண்டும் அழைப்பது) மீதியைத்தான் அனுப்ப வேண்டும். பார்த்த நோட் மீதியில் இராது, அதனால் 'பார்த்தாயிற்று' என்று தனி செட் வைக்கத் தேவையில்லை. பழைய கிராஃப்பையே திருப்பி அனுப்பினால், சுழற்சி உள்ள இடத்தில் புரோகிராம் முடியவே முடியாது.

பலர் தடுக்கி விழுவது கான்டெக்ஸ்டில். 3ஐ மேட்ச் செய்தால் வெளியே போகும் பக்கம் (7, 4) என்று வரும். இங்கே லேபல் முதலில், நோட் பிறகு. எட்ஜ் பட்டியலில் லேபல் கடைசியில் இருந்தது. 7ஐ நோட் என்று எடுத்து மேலே போனால் அப்படியொரு நோட் இல்லை, மேட்ச் நத்திங் (விடை இல்லை) தரும், தேடல் சத்தமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். உள்ளே வரும் பக்கத்து (5, 2) இன்னும் மோசம்: 5 உண்மையில் நிமிடம், ஆனால் பொரளை என்று எடுபட்டுவிடும். நோட்டும் இன்ட் (முழு எண் டைப்), லேபலும் இன்ட் என்றால் டைப் செக்கரால் இதைப் பிடிக்க முடியாது. ஆகவே லேபலுக்கு டபுள் (தசம எண் டைப்) என்றே டைப் எழுதுங்கள். இடம் மாறினால் கம்பைல் ஆகாது.

மிகக் குறுகிய பாதைக்கு எஸ்பி என்ற ஃபங்ஷன். 1இலிருந்து 4க்குக் கேட்டால் 1, 2, 3, 4. மொத்தம் 18 நிமிடம். உள்ளே டைக்ஸ்ட்ரா முறைதான், ஆகவே நெகடிவ் லேபல் கூடாது. புதிய பதிப்புகளில் விடை மேபிக்குள் (விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் டைப்) வரும். பழைய மாதிரிக் கோட் கம்பைல் ஆகாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

4இலிருந்து 1க்குக் கேட்டால் நத்திங். எட்ஜ்களுக்குத் திசை உண்டு, நாம் ஒருபக்கம்தான் போட்டோம். பேசிக் மொடியூலில் உள்ள அன்டிர் என்ற ஃபங்ஷன் எல்லாவற்றையும் இருதிசையாக்கிவிடும். ஆனால் ஒருவழிச் சாலைகள் உள்ள ஊருக்கு அது பொருந்தாது. திரும்பும் எட்ஜ்களை வேண்டிய இடத்தில் மட்டும் கையாலேயே எழுதிச் சேருங்கள்.