தகதிமியிலிருந்து தொடங்குங்கள்: புதிய சைட்ரான்ஸ் ஆல்பத்தை எடைபோடும் முறை

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" வேகமான மின்னணு நடன இசையான சைட்ரான்ஸை முதல்முறை கேட்பவர் அநேகமாக இதைத்தான் சொல்வார். விமர்சனம் எழுத உட்காருபவர் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது, இதிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். எது ஒரே மாதிரி ஓட வேண்டும், எது மாற வேண்டும், மாற வேண்டியது எந்த நிமிடத்தில் மாறாமல் நின்றுபோனது என்று சொல்ல முடிந்தால் அது விமர்சனம். முடியாதவர்கள்தான் "அண்டவெளிப் பயணம்", "வேற லெவல்" என்று பக்கத்தை நிரப்புகிறார்கள்.

கேட்பதற்கு முன்பே கோப்பைச் சரிபாருங்கள். ஒலித்தரம் பற்றி ஒரு வரியாவது எழுதப் போகிறீர்கள் என்றால் ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வேண்டும். அந்தப் பெயரில் வரும் எல்லாமே உண்மையான ஃபிளாக் அல்ல. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் எல்லாம் நின்றுவிட்டால், யாரோ 128 கேபிபிஎஸ் எம்பி3-யை எடுத்து ஃபிளாக்காக மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஹை-ஹேட் (டிரம் செட்டின் சிறு தாளத்தட்டு) தண்ணீருக்குள் தட்டியதுபோலக் கேட்கும். அந்தக் குறையை இசைக் கலைஞர் தலையில் கட்டுவது அநியாயம்.

கேட்கும் கருவியும் முக்கியம். இந்த இசையின் பேஸ் (அடித்தொனி) பெரும்பாலும் ஈ முதல் ஜி வரையிலான சுரங்களில், அதாவது சுமார் 41 முதல் 49 ஹெர்ட்ஸ் வரை அமர்ந்திருக்கும். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. மேலே உள்ள கிளைச்சுரங்களை வைத்து மூளை ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காதை மூடும் ஹெட்போன் ஒன்று, சப்-வூஃபர் உள்ள ஸ்பீக்கர் ஒன்று, இரண்டிலும் கேளுங்கள். ஒலியளவை ஒருமுறை வைத்தால் கடைசிவரை மாற்ற வேண்டாம். மெதுவாக வைத்தால் பேஸ் மெலிந்து தெரியும், உரக்க வைத்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

எந்தக் கிளை என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

சைட்ரான்ஸின் இருண்ட கிளையான டார்க்சை ஆல்பத்தில் மெலடி இல்லை என்று குறை சொல்வது, மிருதங்கத் தனியில் சாகித்யம் இல்லை என்று குறைப்படுவது போன்றது. வேகம் நல்ல வழிகாட்டி. ப்ரோக்ரெசிவ் பெரும்பாலும் 134 முதல் 140 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) ஓடும். ஃபுல்-ஆன் 142 முதல் 148 வரை. டார்க்சையும் ஃபாரெஸ்டும் 150-ஐ ஒட்டியும் தாண்டியும் போகும், ஹைடெக் 170-க்கு மேல். இவை கல்லில் செதுக்கிய எல்லைகள் அல்ல. ஆனாலும் 138-இல் ஓடும் ஆல்பத்தை 146-இன் ஆவேசத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்திலேயே தவறிவிடுவீர்கள்.

அடித்தளம்: கிக்கும் பேஸும்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். சைட்ரான்ஸின் முதுகெலும்பைச் சொல்ல நம்மிடம் சொற்கட்டே இருக்கிறது: தகதிமி. "த" விழும் இடத்தில் கிக், அதாவது கனத்த டிரம் அடி. "க", "தி", "மி" மூன்றிலும் பேஸ். ஒரு பீட்டுக்கு ஒரு தகதிமி. ப்ரோக்ரெசிவ் டிராக்குகளில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ விடுபட்டிருக்கும். நடுவில் சில பார்களுக்கு (ஒரு பார் என்பது நான்கு பீட்) திஸ்ரத்துக்கு மாறி "தகிட" என்று ஓடினால், அங்கே "த"வுக்குக் கிக், மீதி இரண்டுக்கும் பேஸ்.

145 பிபிஎம்மில் ஒரு பீட் சுமார் 414 மில்லிவிநாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைப்பது சுமார் 103 மில்லிவிநாடி. கிக்கின் வால் அதற்குள் அடங்கியாக வேண்டும். அடங்காமல் "க"வின் மேல் வழிந்தால் முதல் பேஸ் சுரம் மூழ்கி, "த-கதிமி" என்பது "தம்ம்-திமி" ஆகிவிடும். வேகம் கூடக் கூட இடம் சுருங்கும்: 190-இல் ஒரு எழுத்துக்கு 79 மில்லிவிநாடிதான். ஃபுல்-ஆனுக்குச் செய்த கிக்கை அப்படியே ஹைடெக்கில் போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சோதிப்பது எளிது. டிராக்கில் கிக்கும் பேஸும் மட்டும் ஓடும் பகுதியைத் தேடுங்கள். கிக் நுழைந்த முதல் 16 பாருக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆடாசிட்டியில் 120 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டுக் கேளுங்கள். மேலே உள்ள அலங்காரம் எல்லாம் கழன்றுவிடும். நான்கு அடிகளும் தனித்தனியாக எண்ண முடிகிறதா? அடுத்து, இரண்டு மூன்று பீட் திரையை நிரப்பும் அளவுக்கு அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு பெரிய மேடு, பிறகு மூன்று சிறிய மேடுகள்.

இங்கே ஒரு நுணுக்கம். மூன்று பேஸ் மேடுகளின் உயரம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் அது தவறல்ல. உருட்டல் வருவதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பீட்டின் "க"வும் அடுத்த பீட்டின் "க"வும் ஒரே சுரமாக இருந்தும் வெவ்வேறு உருவத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். சிந்தசைசரில் ஒலியலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்காமல் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது; "பேஸ் ஏதோ தளர்வா இருக்கு" என்று மட்டும் படும். நீங்கள் காரணத்தோடு எழுதலாம்.

கடைசியாக, டிராக்கை மோனோவாக, அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். அடித்தளம் அசையாமல் இருக்க வேண்டும். பேஸ் சட்டென்று மெலிந்தால், அகலமாகக் கேட்கட்டும் என்று கீழ்ப்பகுதியை இடவலமாக விரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹெட்போனில் அது சொகுசாக இருக்கும். சப்-வூஃபர்களை மோனோவில் ஓட்டும் பெரிய அரங்கில் பேஸ் காணாமல் போகும்.

நிமிடக் குறிப்பு

முதல் முறை எதுவும் எழுதாமல் ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது முறை பேனாவோடு உட்காருங்கள். 145 பிபிஎம்மில் 16 பார் சுமார் 26.5 விநாடி, 32 பார் 53 விநாடி. புதிதாக எது வந்தாலும் பெரும்பாலும் இந்தக் கட்டங்களின் எல்லையில்தான் வரும். ஆகவே நேரத்தையும் அப்போது புதிதாக வந்ததையும் மட்டும் எழுதினால் போதும். ஒரு டிராக்கின் குறிப்பு இப்படி இருக்கலாம் (பேட் என்பது நீண்டு ஒலிக்கும் பின்னணி, சாம்பிள் வேறிடத்திலிருந்து எடுத்த ஒலித்துண்டு, லீட் முன்னணி மெலடி, பிரேக் தாளம் விலகும் இடம், ரைசர் எதிர்பார்ப்பை ஏற்றும் ஒலி):

0:00 மழைச்சத்தம், பேட், பேச்சு சாம்பிள்
1:06 கிக், பேஸ்
1:33 ஹை-ஹேட்
1:59 முதல் லீட், கேள்வி-பதில் போல
2:52 பிரேக், 8 பார்
3:05 அதே லீட், ஒரு ஆக்டேவ் மேலே
3:58 மறுபடி பிரேக், அதே ரைசர்

இதில் கடைசி வரி உங்களை நிறுத்த வேண்டும். ஒரே ரைசர், ஒரே ஸ்னேர் உருட்டல், ஒரே நீளம். இரண்டாவது பிரேக்கிலேயே காது கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மூன்றாவதில் டிராப் (தாளம் முழுவேகத்தில் திரும்பும் இடம்) விழும் நொடியைக் கேட்பவரே சொல்லிவிடுவார். எதிர்பார்க்க வைத்து ஏமாற்றுவதுதான் இந்த இசையின் வித்தை. எதிர்பார்த்ததையே தருவது சோம்பல்.

அந்த 1:06-ஐயும் கேள்வி கேளுங்கள். தாளமில்லாத நீண்ட தொடக்கத்துக்கு வரலாறு உண்டு. 1990-களின் முற்பகுதியில் கோவாவின் கடற்கரை விருந்துகளில் டிஜேக்கள் பெரிதும் நம்பியது டேட் என்ற டிஜிட்டல் ஒலிநாடா கேசட்டை. வினைல் தட்டைப்போல வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு டிராக்குகளின் தாளத்தைப் பொருத்த அதில் வசதியில்லை. ஒன்றின் தாளமற்ற வாலும் இன்னொன்றின் தாளமற்ற தலையும் கலக்கும் இடத்தில்தான் மாற்றம் நடக்கும். அந்தத் தேவை போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. தொடக்கத்தில் வரும் ஏதாவது ஒரு ஒலி பின்னால் லீடாகவோ தாளமாகவோ திரும்பி வந்தால் அந்த ஒரு நிமிடத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆல்பத்தின் எட்டு டிராக்கும் மழையில் தொடங்கி, மழைக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்றால் எழுதிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: 2:30-இல் பத்து விநாடி, 5:30-இல் பத்து விநாடி கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை என்றால் அந்த டிராக்கின் இரண்டாம் பாதி வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். தீர்ப்பு எழுத இது போதாது, எங்கே உற்றுக்கேட்க வேண்டும் என்று காட்டும்.

லீட், சாம்பிள்

லீடில் சுரம் குறைவாக இருப்பது குறையல்ல. ஒரே சுரத்தை வைத்து, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரைத் திறந்து மூடியே நான்கு நிமிடம் கட்டிப்போடலாம்; 1981-இல் வந்த ரோலண்ட் டிபி-303 பேஸ் சிந்தசைசர் இந்த உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். கவனிக்க வேண்டியது அசைவின் நீளம். ஃபில்டர் நான்கு பாருக்கு ஒருமுறை அச்சு மாறாமல் திறந்து மூடினால் அது இயந்திரச் சுற்று. 16 பார் கடந்தும் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது.

"கிழக்கத்திய மெலடி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். நம் காதுக்கு இதைவிடத் துல்லியமாகத் தெரியும். சுத்த ரிஷபம் இந்த இசையின் செல்லப்பிள்ளை. அதோடு சாதாரண காந்தாரம் வந்தால் தோடியின் சுரங்கள், அந்தர காந்தாரம் வந்தால் வகுளாபரணத்தின் சுரங்கள், அதில் கைசிகி நிஷாதத்துக்குப் பதில் காகலி நிஷாதம் வந்தால் மாயாமாளவகௌளை. கமகம் எதுவும் இருக்காது, ஆகவே ராகம் என்று சொல்லிவிடாமல் சுரவரிசை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பது டிராக்கில் ஏழு ஒரே ஆதார சுருதியில் ஒரே சுரவரிசையில் இருந்தால், ஆறாவதில் வரும் அலுப்புக்குக் காரணம் வேகமல்ல, இதுதான்.

பேச்சு சாம்பிள்களில் புதுமை குறைவு. சைக்கெடெலிக் சிந்தனையாளர் டெரன்ஸ் மெக்கென்னாவும் கிழக்கத்திய தத்துவத்தைப் பற்றிப் பேசிய ஆலன் வாட்ஸும் எத்தனை டிராக்குகளில் பேசியிருக்கிறார்கள் என்று எண்ணி மாளாது. சாம்பிளை எடுத்துவிட்டால் டிராக் எதையாவது இழக்கிறதா என்று பாருங்கள். மந்திரங்களை வெட்டி ஒட்டியிருந்தால் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சொல்லின் நடுவில் வெட்டி அரைச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பார்கள். தாளத்துக்காகத் தெரிந்தே உடைத்ததா, பொருள் தெரியாமல் உடைத்ததா என்பதை அடுத்த வெட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பிடும்போது

அதே கிளையில் உங்களுக்கு நன்கு பழகிய ஒரு டிராக்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைச் சமன்செய்யாமல் ஒப்பிட்டால் உரக்க இருப்பதே ஜெயிக்கும். இன்றைய சைட்ரான்ஸ் மாஸ்டர்கள் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவுகள்) பெரும்பாலும் மைனஸ் 9-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) காட்டும், 1990-களின் சிடிக்கள் அதைவிட அடக்கமானவை. இலவச லஃப்ஸ் அளவி ஒன்றில் இரண்டையும் அளந்து, உரத்ததை அந்த வித்தியாசத்துக்குக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகும் லீட் நுழையும்போதெல்லாம் கிக் சுருங்கினால், ஒலியின் உச்சத்தை அடக்கும் லிமிட்டரை எல்லைமீறித் தள்ளியிருக்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் காது களைத்தால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சந்தேகியுங்கள், ஹை-ஹேட்டும் லீடின் ஓரமும் மோதும் இடம் அது.

டிராக் வரிசைக்கு அதிக நேரம் வேண்டாம். வேகத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாம் 145 என்றால் ஆல்பம் என்ற பெயரில் வந்திருப்பது டிஜேக்களுக்கான தொகுப்பு. அதிலும் தவறில்லை, ஆனால் அதை "முழுமையான பயணம்" என்று விற்றால் கேட்கலாம்.

எழுதும்போது

ஒன்று முதல் ஒன்பது வரை டிராக் வாரியாக எழுதினால் நான்காவதில் வாசகர் எழுந்து போய்விடுவார். ஆல்பத்தைப் பற்றி ஒரு வாதம், அதைக் காட்ட மூன்று டிராக், ஒவ்வொன்றிலும் ஒரு நேரக்குறிப்பு. "நான்காவது டிராக்கில் 3:58-க்கு வரும் பிரேக் முதல் பிரேக்கின் நகல்" என்ற ஒரு வரியை வாசகர் தானே போட்டுப் பார்த்து உங்களோடு சண்டை போடலாம். "சற்று சலிப்பூட்டுகிறது" என்றால் சண்டைக்குக்கூட வழியில்லை. போதையில் கேட்டு எழுதிய குறிப்புகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த நிலையில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்துக்கும் ஐந்து நட்சத்திரம் விழும்.

எழுதி முடித்ததும் மூன்று நாள் வைத்திருங்கள். பிறகு கடுமையாகச் சாடிய இரண்டு டிராக்கை மட்டும் மற்றக் கருவியில் கேளுங்கள். ஹெட்போனில் மட்டும் தெரிந்த குறை என்றால் "ஹெட்போனில்" என்ற சொல்லை வாக்கியத்தில் சேருங்கள். இரண்டிலும் தெரிந்தால் வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.