குழுவில் எந்தப் பாத்திரம் காலி?

பிரிட்டிஷ் மேலாண்மை ஆய்வாளர் மெரிடித் பெல்பின் வகுத்த 9 குழுப் பாத்திரங்களை, அதாவது குழுவில் ஒருவர் வகிக்கும் பங்குகளை, ஒரு தாளில் எழுதி உங்கள் குழுவில் சுற்றுக்கு விடுங்கள். யோசனை தருபவர், சீர்தூக்கிப் பார்ப்பவர், பிழை திருத்தி முடித்துக் கொடுப்பவர் என்று போகும் பட்டியல் அது. ஒவ்வொருவரும் தனக்கு அல்ல, சக ஊழியர்களுக்கு ஆளுக்கு இரண்டு டிக் போடட்டும். டிக் விழாத பாத்திரத்துக்கு ஒருவரைப் பழக்குங்கள். அடுத்த குழுத் தலைவர் அங்கிருந்தே வரலாம்.

தன்னைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தலைவராகிவிடுவார்கள், கூட வேலை பார்ப்பவருக்குத்தான் நிஜம் தெரியும். இங்கிலாந்தின் ஹென்லியில் பெல்பின் செய்த ஆய்வில், கெட்டிக்காரர்களை மட்டும் சேர்த்த குழுக்கள் பெரும்பாலும் பின்தங்கின.

புதிதாகச் சேர்ந்த குழுவுக்கு இது பயன்படாது. சம்பள உயர்வுப் பேச்சில் இந்தத் தாளை எடுக்கவே வேண்டாம், அப்புறம் யாரும் உண்மையாக டிக் போடமாட்டார்கள்.