1245 கால்வினியா: பின்முற்றத்திலிருந்து ஒரு முழுச் சுழற்சியை அளக்க

1245 கால்வினியாவை 1932 மே 26 அன்று ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தில் சிரில் ஜாக்சன் கண்டுபிடித்தார். வட கேப் மாகாணத்தின் கால்வினியா ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். சுமார் 15 கி.மீ. அகலமுள்ள கல்வகைச் சிறுகோள் அது. சூரியனிலிருந்து 2.89 வானியல் அலகு தள்ளிச் சுற்றுகிறது (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஒரு வானியல் அலகு). செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் அந்த வெளிப்பகுதியில் கரிய கார்பன் வகைப் பாறைகளே அதிகம். கால்வினியா சேர்ந்துள்ள கொரோனிஸ் சிறுகோள் குடும்பமோ வெளிர் கல்லாக நிற்கிறது. 1993 ஆகஸ்டில் கலிலியோ விண்கலம் நெருங்கிப் படமெடுத்த ஈடா சிறுகோளும் இதே குடும்பம்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலோ பிரிட்டோரியா பக்கத்து லாடியத்திலோ 8 அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் இலக்கு அரிது. காரணம், இது தன்னைத்தானே சுற்ற 4.84 மணி நேரமே எடுக்கிறது. அது சுழலும்போது பிரகாசம் ஏறி இறங்குவதைப் படம் படமாக அளந்து வரைந்தால் ஒளி வளைவு கிடைக்கும். ஒரே இரவில் முழுச் சுழற்சியும் கைக்கு வந்துவிடும்.

காலம் தேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிரே வரும் எதிர்நிலையில்தான் மிகப் பிரகாசம். அப்போதும் பொலிவெண் (எண் கூடினால் பொருள் மங்கல்) 13.5 முதல் 14 வரைதான். எதிர்நிலை ஆனியில் விழுந்தால் அது தலைக்கு நேர் மேலே, தனுசில் நிற்கும். கேட்க நன்றாக இருந்தாலும் அங்கே பால்வீதி நெரிசல். பிரகாசத்தை அளக்கச் சிறுகோளைச் சுற்றிப் படத்தில் போடும் அளவீட்டு வட்டத்துக்குள் ஏதாவது விண்மீன் புகுந்துகொண்டே இருக்கும். எங்கள் தேர்வு ஆவணி, புரட்டாசி: விண்மீன் குறைவான கும்பம், ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் மழை இன்னும் தொடங்காத வறண்ட வானம், 30 பாகை உயரத்துக்கு மேல் சுமார் எட்டு மணி நேரம். அமாவாசையை ஒட்டிய வாரத்தைப் பிடியுங்கள். டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் கடல் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும். முன்னிரவிலேயே கண்ணாடியைச் சூடாக்கும் பனிநீக்கப் பட்டையைப் போட்டுவிட வேண்டும்.

தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் மவுண்டைத் தெற்கு நோக்கி வைக்கும்போது காந்த ஊசியை அப்படியே நம்பினால் இரவே வீண். ஜோகன்னஸ்பர்க்கில் ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 20 பாகை மேற்கே விலகி நிற்கிறது. டர்பனில் இன்னும் அதிகம். ஆகவே ஊசி காட்டும் தெற்கிலிருந்து அந்த அளவு மேற்கே திரும்பினால்தான் உண்மைத் தெற்கு. உயரக் கோணம் உங்கள் ஊரின் அட்சரேகை: ஜோகன்னஸ்பர்க்குக்கு 26, டர்பனுக்கு 30 பாகை. வானத்தின் தென் துருவத்துக்கு அருகிலுள்ள சிக்மா ஆக்டான்டிஸ் விண்மீனின் பொலிவெண் 5.4, நகர வெளிச்சத்தில் தெரியாது. மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பையோ விண்மீன் நகர்வைப் பார்த்துத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறையையோ செய்யுங்கள்.

சிறுகோளின் இடம் கண்டுபிடிக்க, சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் இணையக் கணிப்பானில் 1245 என்று கொடுத்து, ஊரின் அட்ச, தீர்க்கரேகைகளையும் இட்டு, அரை மணிக்கு ஒரு வரி வாங்குங்கள். அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு 2 மணி கூட்ட வேண்டும். எதிர்நிலையில் கால்வினியா நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.54 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), மணிக்கு 32 விகலை நகரும். அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் நகரும் புள்ளி அதுதான்.

அளவுகள்: 1000 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.78 விகலை. பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தால் 1.55, நம் வானத்துக்கு அது போதும். 90 நொடி வெளிப்பாட்டில் சிறுகோள் 0.8 விகலைதான் நகரும், கோடாக இழுபடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் நீளத் தொடங்கும். கேமராவை மைனஸ் 10 பாகையில் நிறுத்தி, அதே வெப்பத்தில் 20 டார்க் (மூடியபடி எடுக்கும் இருட்டுப் படம்), மாலை வெளிச்சத்தில் 25 ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) எடுத்துவிடுங்கள். ஃப்ளாட்டைத் தவிர்ப்பவர்களுக்கு மெரிடியன் திருப்பம்தான் (இலக்கு உச்சக்கோட்டைக் கடந்ததும் மவுண்ட் மறுபக்கம் திரும்புவது) தண்டனை: படம் 180 பாகை திரும்பியதும் ஒளி வளைவில் ஒரு படிக்கட்டு விழும். அந்தப் படிக்கட்டைச் சிறுகோளின் குணமென்று எண்ணிவிடக் கூடாது. திருப்பத்துக்கு முந்தியதையும் பிந்தியதையும் தனித்தனி அமர்வாகவே அளவிடுங்கள்.

மின்வெட்டுக்கும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள். மவுண்ட், குளிர்விப்பு, சிறு கணினி, பனிநீக்கி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 6 அல்லது 7 ஆம்பியர். ஏழு மணி நேரத்துக்கு 50 ஆம்பியர்-மணி வரை போகும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 100 ஆம்பியர்-மணி வேண்டும். தெருவிளக்கு அணைந்த நேரத்துப் படங்களில் பின்னணி தெளிந்து அளவீடும் துல்லியமாகும்.

குறைந்தது ஆறு மணி நேரம் விடாமல் எடுங்கள். 4.84 மணிக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரப் படங்கள் தொடக்கத்தின்மேல் அச்சாகப் பொருந்தினால்தான் அந்தக் காலம் உறுதி. சிறுகோளின் பிரகாசத்தை ஒப்பிட அதே படத்தில் தேரும் ஒப்பீட்டு விண்மீன்கள் சூரிய நிறத்தவையாக, குறைந்தது ஐந்து இருக்கட்டும். சிவந்த விண்மீனைச் சேர்த்தால் உயரம் குறையக் குறைய வளைவு சாயும். அளவீட்டு வட்டத்தின் ஆரம் விண்மீன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. வட்டத்துக்குள் வேறு விண்மீன் வந்துவிட்டால் வட்டத்தைச் சுருக்காதீர்கள். அந்தப் படத்தை நீக்குங்கள்.

வளைவில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம் வரும். உயர வித்தியாசம் அரைப் பொலிவெண் சுற்றி. நீண்ட பாறை ஒரு சுழற்சியில் இருமுறை தன் அகன்ற பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு மேட்டையும் ஒரு பள்ளத்தையும் மட்டும் பார்த்து 2.42 மணி என்று எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்தடுத்த இரவுகளை இணைக்கும்போது ஒளிப் பயண நேரத்தைக் கழியுங்கள். எதிர்நிலையில் நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 16 நிமிடம் ஆகியிருக்கும். தூரம் மாறினால் அதுவும் மாறும்.

சிறுகோளின் இடத்தையும் அளந்து மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்ப விரும்புவோர் நேரத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். படத் தலைப்பில் உள்ளூர் நேரம் பதிவானால் இரண்டு மணிப் பிழை, அதாவது 64 விகலை. யாரும் ஏற்க மாட்டார்கள். வெளிப்பாட்டின் தொடக்கத்தை நடுவென்று கொண்டால் 90 நொடிப் படத்தில் 45 நொடி தவறும், இடம் 0.4 விகலை நகரும். சிறியதுதான், ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே திசையில் வருவதால் சராசரி எடுத்தாலும் போகாது.

எதிர்நிலை சுமார் 15 மாதத்துக்கு ஒருமுறை வரும். ஆவணியில் ஒன்று முடிந்தால் அடுத்தது கார்த்திகைப் பக்கம். அப்போது அது ரிஷபத்தில், வடக்கே 45 பாகை உயரத்தில்தான் நிற்கும். 30 பாகைக்கு மேல் ஐந்தரை மணி நேரமே கிடைக்கும், ஹைவெல்டில் மாலை இடிமழையும் உண்டு. இருந்தாலும் எடுங்கள். சுழல் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரே திசையிலிருந்து பார்த்த வளைவு சொல்லாது. வானத்தின் வேறு வேறு பகுதிகளில் எடுத்தவை சேர்ந்தால்தான் கணக்கிட முடியும். இரண்டு இரவுகளில் பாதிப் பாதியாகக் கிடைத்தாலும் இணைத்துக்கொள்ளலாம்.