எல்லோரும் ஒரே அலமாரியிலிருந்து எடுங்கள்

நான் தொகுத்த முதல் கூட்டு அறிக்கையின் துணைநூற்பட்டியலில் ஓர் ஆய்வாளரின் பெயருக்குக் கீழே 2015 ஏ, 2015 பி, 2015 சி என்று மூன்று கட்டுரைகள் வந்து நின்றன. அந்த ஆண்டில் அவர் எழுதியது ஒன்றே ஒன்றுதான். நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்து ஆவணத்தில் மேற்கோளாகச் செருகித் தரும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினோம்; அதில் அவரவர் சேர்த்துவைக்கும் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர். எங்கள் ஐவரில் மூவர் தத்தம் சொந்த நூலகத்திலிருந்து அதை மேற்கோளிட்டிருந்தோம். தலைப்பு, பக்கம் எல்லாம் அச்சாக ஒன்றாக இருந்தாலும், மென்பொருளுக்கு அவை மூன்று தனித்தனிப் பதிவுகள். அச்சுக்குப் போவதற்கு முந்தைய இரவு முழுவதும் உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். அதற்குப் பிறகு, எல்லோரும் பகிரும் ஒரே நூலகத்தை அந்த மென்பொருளில் அமைக்காமல் எந்தக் கூட்டு எழுத்தையும் நான் தொடங்குவதில்லை.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனம் எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருளுக்கு உரிமம் வாங்கியிருக்கலாம். உங்களோடு எழுதுகிற வெளி எழுத்தாளரிடம் அது இருக்காது. நான் ஜோட்டேரோவைப் பயன்படுத்துகிறேன். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த மென்பொருளுக்குக் காசும் தேவையில்லை, நிறுவன அடையாளமும் தேவையில்லை. இனி நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஜோட்டேரோ தளத்தில் உள்நுழைந்து புதிய குழுவைத் தொடங்குங்கள்; அந்தக் குழுவின் நூலகம்தான் எல்லோருக்குமான அலமாரி. மூன்று வகை காட்டும்: தனிப்பட்டது, உறுப்பினர் சேர்க்கை கட்டுப்பட்ட பொதுக்குழு, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொதுக்குழு. வெளிவராத எழுத்துக்குத் தனிப்பட்டதே சரி. எழுதுகிற எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுங்கள். மேற்பார்வை மட்டும் செய்பவர்கள் இருந்தால், நிர்வாகிகள் மட்டும் திருத்தலாம் என்று வைத்து, எழுதுபவர்களை நிர்வாகிகளாக்கிவிடலாம். அழைப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். ஒப்பந்தம் முடிந்தால் அலுவலக முகவரி செத்துப்போகும். கணக்கின் கடவுச்சொல்லை மீட்கவும் வழியிருக்காது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சொந்த நூலகத்திலிருந்து ஒரு பதிவை இழுத்துக் குழுவில் போட்டால், அங்கே போவது நகல். பிறகு உங்கள் நூலகத்தில் பக்க எண்ணைத் திருத்தினால் குழுவில் இருப்பது திருந்தாது. எனவே போட்ட பிறகு திருத்தம் எல்லாம் குழுவில்தான். மேற்கோள் இடும்போது வரும் தேடல் பட்டியலில் எந்த நூலகத்திலிருந்து வருகிறது என்று தலைப்பிட்டுக் காட்டும்; குழுவின் பெயருக்குக் கீழே இருப்பதையே எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் அனுப்பும் குறிப்பில் இந்த ஒரு விதியை மட்டும் தடித்த எழுத்தில் போடுவேன்.

இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து வலப்பக்கச் சொடுக்கில் வரும் இணைப்புக் கட்டளையைக் கொடுங்கள். இணைத்தால் ஆவணத்தில் உள்ள மேற்கோள் புதிய பதிவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அழித்தால் அது அநாதையாகிவிடும். நிறுவனத்தின் பெயரையும் குடும்பப் பெயர் இல்லாதவர்களின் பெயரையும் ஒற்றைப் பெயர்க் கட்டத்துக்கு மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் அமைச்சகத்தின் பெயர்கூடப் பாதியாகிப் பட்டியலில் தலைகீழாக நிற்கும்.

பிடிஎஃப் கோப்புகள் விஷயத்தில் நான் கஞ்சன். இலவச இடம் 300 எம்பி. குழுவின் கோப்புகள் உரிமையாளரின் கணக்கில்தான் கழியும். சொந்த நூலகத்துக்கு வெப்டாவ் (கோப்புகளை வேறு சேவையகத்தில் வைக்கும் முறை) வைத்துச் சமாளிப்பவர்களுக்கும் குழுவில் அது உதவாது. கணினியில் வேறெங்கோ இருக்கும் கோப்புக்கு இணைப்புக் கொடுப்பதும் நடக்காது. இதைவிடப் பெரிய காரணம் உரிமம். பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டி எடுக்கும் கட்டுரை பொதுவாக அதன் பயனர்களுக்கு மட்டுமே உரியது. அதை வெளியாளின் கையில் கொடுப்பது ஒப்பந்த மீறலாகலாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்கக் கட்டுரைகளை மட்டும் கோப்போடு வைக்கிறேன். மற்றவற்றுக்கு டிஓஐ எண் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) போதும்; அவரவர் தம் வழியில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆவணம் எந்த மென்பொருளில் உலவப்போகிறது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியதை வேர்டு கோப்பாகத் தரவிறக்கினால் மேற்கோள்கள் உயிரற்ற வெற்றெழுத்தாகிவிடும். வேர்டும் லிப்ரே ஆபிஸும் மேற்கோளை வெவ்வேறு விதமாகச் சேமிப்பதால், ஒன்றில் எழுதி மற்றதில் திறந்தாலும் இதே கதிதான். ஜோட்டேரோவின் ஆவண விருப்பங்களில் ‘வேறு சொற்செயலிக்கு மாறு’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது; அதன் வழியே போனால் மேற்கோள்கள் தப்பிக்கும். யாரும் மேற்கோளுக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்யக் கூடாது. அந்த மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னால், அதற்குப் பிறகு அந்த மேற்கோள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

எந்த மென்பொருளையும் நிறுவ மாட்டேன் என்று ஒருவராவது சொல்வார், பெரும்பாலும் குழுவிலேயே மூத்தவர். அவரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மேற்கோள் வரவேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் டிஓஐ எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்களே பதிவைக் குழுவில் சேர்த்து, அந்த இடத்தில் செருகுங்கள். லேடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் எழுதுபவர் என்றால், பதிவுகளை அதற்கேற்ற பிப்டெக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம்.

பதிப்பாளருக்கு அனுப்பும்போது ஆவணத்தின் நகலில் மட்டும் மேற்கோள் தொடர்பைத் துண்டியுங்கள். மூலம் உயிரோடு இருக்கட்டும். திருத்தக் கேட்டு எப்படியும் திரும்பி வரும். வேலை முடிந்து ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால், அவருடைய கணினியில் உள்ள பிரதியை வைத்துக்கொள்ளலாமா, அழிக்கலாமா என்று ஜோட்டேரோ அவரையே கேட்கும். ஆகவே வெளியே போகக் கூடாத குறிப்புகளைக் குழுவில் முதலிலேயே போடாதீர்கள்.