பீக் பெரிதாக இருந்தால் எலக்ட்ரான் அதிகமா? எக்ஸ்.பி.எஸ். படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953-லிருந்து இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே. பேட்டரி, மின்முனை என்று ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆள் மாறினாலும் எக்ஸ்.பி.எஸ். எனும் ஒளிமின்னணு நிறமாலையில் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி, பெயர்ந்து வரும் எலக்ட்ரான் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்று பார்க்கும் முறை) விழும் தவறுகள் மாறுவதில்லை. பிணைப்பு ஆற்றல் அச்சைத் திருப்பிப் படிப்பது, அலகைக் குழப்புவது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

பீக்கின் பரப்பை அப்படியே எலக்ட்ரான் எண்ணிக்கை என்று எடுப்பது

பாடப்புத்தகப் படத்தில் நியானுக்கு மூன்று பீக்: 1எஸ் 870, 2எஸ் 48.5, 2பி 21.6 எலக்ட்ரான் வோல்ட். உயரம் 2:2:6. அது எலக்ட்ரான் அமைப்பைப் புரியவைக்க வரைந்த படம். நிஜக் கருவியில் அலுமினியம் கே-ஆல்ஃபா கதிரில், அதாவது 1486.6 எலக்ட்ரான் வோல்ட்டில் எடுத்தால், 6 எலக்ட்ரான் உள்ள 2பி, 2 எலக்ட்ரான் உள்ள 2எஸ்-ஐவிடச் சிறிதாக வரும். ஒரு ஃபோட்டான் எலக்ட்ரானைப் பெயர்க்கும் வாய்ப்பு ஆர்பிட்டலுக்கு ஆர்பிட்டல், கதிருக்குக் கதிர் மாறுகிறது. ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் கோட்டில் நியானிலிருந்து ஒரு பீக்கும் வராது. 2பி-ஐப் பெயர்க்கக்கூட அது போதாது.

பேட்டரிக்காரர்களுக்கு இது காசைக் கரைக்கும் தவறு. லித்தியம் ஃப்ளோரைடில் லித்தியமும் ஃப்ளோரினும் 1:1. இரண்டிலும் 1எஸ்-ல் 2 எலக்ட்ரான்தான். ஆனால் எந்த ஆர்பிட்டல் எவ்வளவு எளிதாக எலக்ட்ரானைத் தரும் என்பதற்கான காரணிகளை, கார்பன் 1எஸ்-ஐ 1 என்று வைத்துத் தரும் ஸ்கோஃபீல்டு அட்டவணையில் ஃப்ளோரின் 1எஸ் 4.43, லித்தியம் 1எஸ் 0.057. வகுத்தால் சுமார் 78 மடங்கு! லித்தியம் 1எஸ் வரும் 56 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சின்ன மேடு தெரிந்ததும் "லித்தியம் போயிருச்சு சார்" என்று முடிவுகட்டி, மறுபடி பொருளைத் தயாரித்து, மறுபடி கருவிக்கு வரிசையில் நின்று, அதே மேட்டைப் பார்த்துத் திகைக்கிறார்கள். மென்பொருளில் அந்தக் காரணிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

முதலில் பின்னணியைக் கழியுங்கள். பரப்பை எடுத்துக் காரணியால் வகுத்த பிறகே விகிதம் போடுங்கள். 2பி இரண்டு பீக்காகப் பிளந்து வரும்; காரணி முழு 2பி-க்கா, அதில் பெரிய பீக்கான 2பி 3/2-க்கு மட்டுமா என்றும் பாருங்கள். தாமிரத்தின் 2பி 3/2 காரணி 16.73. இரண்டு பீக்கின் பரப்பையும் கூட்டி அதால் வகுத்தால் தாமிரம் ஒன்றரை மடங்காகக் காட்டும். இரும்பு கலந்த மின்முனையில் இரும்பின் 3பி லித்தியம் 1எஸ் மேலேயே உட்காரும். அங்கே லித்தியத்தின் அளவுக்கு மாதிரியைக் கரைத்துத் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. போன்ற வேறு வழிதான்.

இரட்டைப் பீக்கை இரண்டு ஆக்சிஜனேற்ற நிலை என்பது

டைட்டானியம் டை ஆக்சைடில் 458.6, 464.3 எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் 2பி பீக் இரண்டும் அதே டைட்டானியம் 4+ தான். ஒரே ஆர்பிட்டல்தான் இரண்டு பீக்காகப் பிளக்கிறது. அவற்றின் பரப்பு விகிதம் பி-க்கு 2:1, டி-க்கு 3:2, எஃப்-க்கு 4:3. எஸ் இப்படிப் பிளக்காது.

மின்னேற்றத்தை மறப்பது

ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சில்லைக் கொண்டுவருகிறார்கள். சிமென்ட் மின்சாரம் கடத்தாது. எலக்ட்ரான் வெளியேற வெளியேற மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெற்று, எல்லாப் பீக்கும் உயர் பிணைப்பு ஆற்றல் பக்கம் நகரும். நடுநிலைப்படுத்தும் எலக்ட்ரான் பீச்சியைப் போட்டு, காற்றிலிருந்து படிந்த கார்பனை 284.8-ல் நிறுத்துங்கள். கிராஃபைட் மின்முனையை மட்டும் அங்கே இழுக்காதீர்கள், அதன் இடம் 284.4 பக்கம்.

தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த கல் என்றால் இரும்பைத் தேடவே வேண்டாம். கருவி பார்ப்பது மேலே 10 நானோமீட்டருக்குள். கிடைப்பது எண்ணெயின் கார்பன்.

4எஸ் முதலில் நிரம்பியதால் 3டி-தான் முதலில் போகும் என்பது

ஸ்காண்டியத்தில் எலக்ட்ரானைப் பெயர்க்கத் தேவை 4எஸ்-க்கு 0.63, 3டி-க்கு 0.77 மெகாஜூல்/மோல். குறைவான ஆற்றல் போதும் என்பதால் முதலில் போவது 4எஸ்.

ஓஜே பீக்கை ஆர்பிட்டல் என்று பெயரிடுவது

உள் ஆர்பிட்டலில் விழுந்த காலியிடத்தை மேலிருக்கும் எலக்ட்ரான் நிரப்பும்போது, அந்த ஆற்றலில் வெளியேறும் இன்னொரு எலக்ட்ரான்தான் ஓஜே; கதிர் மாறினாலும் அதன் வேக ஆற்றல் மாறாது. கருவியில் எக்ஸ்-கதிர் தரும் மெக்னீசியம் ஆனோடும் இருந்தால் 1253.6 எலக்ட்ரான் வோல்ட்டில் மறுபடி எடுங்கள். பிணைப்பு ஆற்றல் அச்சில் 233 இடம்பெயர்வது ஓஜே, அசையாதது ஆர்பிட்டல். ஓஜேயை வேண்டாதது என்று ஒதுக்கவும் வேண்டாம். தாமிர உலோகத்தையும் குப்ரஸ் ஆக்சைடையும் 2பி பிரித்துக் காட்டாது, எல்.எம்.எம். எனும் தாமிரத்தின் ஓஜே பீக்கில் ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம் தெரியும். தாமிர மாதிரி என்றால் 2பி-யோடு, அந்த ஓஜே பீக் வரும் 568 எலக்ட்ரான் வோல்ட் பகுதியையும் சேர்த்து ஸ்கேன் கேளுங்கள்.